எட்டு வருடமாகப் பட்டி தேய்க்கிறேன், பிரஷ் மட்டும் கைக்கு வரவில்லை

கேள்வி: எனக்கு 34 வயது. மணப்பாறைப் பக்கம் ஒரு பெயின்ட் மேஸ்திரியிடம் எட்டு வருடமாகச் சித்தாளாகப் போகிறேன். சுவர் சுரண்டுவது, பட்டி (சுவரை வழவழப்பாக்கப் பூசுகிற மாவு) கலக்கிக் கொடுப்பது, காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, தண்ணீர் தூக்குவது, கடைசியில் தரை துடைப்பது, இது மட்டும்தான் எனக்குத் தெரியும். சம்பளம் 550. பிரஷ் பிடிக்கிற ஆண்களுக்கு 1,000. கேட்டால், "பொம்பள கையில பிரஷ்ஷக் குடுத்தா வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க" என்கிறார். இப்போது பக்கத்துத் தெரு டீச்சர் ஒருவர் தன் வீட்டு உள்பக்கம் முழுவதும் நானே அடித்துத் தர முடியுமா என்று கேட்கிறார். 650 சதுர அடி வீடு. "சதுர அடிக்கு என்ன வாங்குவே?" என்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் சேர்ந்துகொள்ளத் தயார். அதில் ஒருத்தி மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். ஏணி ஏறக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். துணிந்து இறங்கலாமா?
— வாசகி, மணப்பாறை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

"இது மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'மட்டும்' எவ்வளவு என்று முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம், புதிதாகப் பட்டி பார்த்து பெயின்ட் அடிக்க வேண்டும் என்று வையுங்கள். சாமான்களை மூடி, சுவரைச் சுரண்ட முக்கால் ஆள் நாள் (ஓர் ஆள் ஒரு நாள் செய்கிற வேலைதான் ஓர் ஆள் நாள்). முதல் பட்டிக்கு ஒன்றேகால், இரண்டாம் பட்டிக்கு ஒன்றேகால். தேய்ப்பதற்கு ஒன்றரை. பிரைமர் என்கிற அடிப்பூச்சுக்கு அரை. கலர் இரண்டு கோட்டுக்கும் (இரண்டு தடவைப் பூச்சு) கட்டிங்குக்கும் (ஓரங்களைப் பிரஷால் நேர்கோடாக அடிப்பது) சேர்த்து ஒன்றேகால். துடைத்துக் கழுவி ஒப்படைக்க அரை. ஆக மொத்தம் ஏழு ஆள் நாள். இதில் பிரஷும் ரோலரும் பிடிக்கிற வேலை இரண்டு நாளுக்கும் குறைவு. சுவரைத் தயார் பண்ணுவதே ஐந்து நாளை ஒட்டி வருகிறது. பெயின்ட் நன்றாக உட்காருவதும் ஒரு மழைக்காலத்தில் உரிந்து விழுவதும் அந்த ஐந்து நாளில் முடிவாகிற விஷயம்.

உங்கள் சம்பளம் குறைவாக இருப்பதற்கு வேலை லேசானது என்பது காரணமே இல்லை. உங்கள் வேலைக்குச் 'சித்தாள்' என்று பெயர், அவ்வளவுதான். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. 2019-இல் இயற்றிய ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. ஆனால் "அவன் பெயின்டர், நீ சித்தாள், ரெண்டும் ஒரே வேலையா?" என்று மேஸ்திரி கேட்டால் சட்டம் அங்கேயே நின்றுவிடும். அதனால் முதலில் மாற வேண்டியது செய்கிற வேலை. கூலிப் பேச்சு அதற்கப்புறம்.

இறங்கலாம். ஆனால் நாளைக்கே வேண்டாம். டீச்சரிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள். அந்த ஒரு மாதத்தில் மூன்று விஷயம் கைக்கு வர வேண்டும்: பட்டி இழுப்பது, கட்டிங் எடுப்பது, அளந்து விலை சொல்வது. ரோலர் உருட்டுவதைப் பெரிய வித்தை போலக் காட்டுவார்கள். ஒரு வாரத்தில் வந்துவிடும்.

பட்டியில் கலக்குவது வரை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கண்ணளவில் கலக்குகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெள்ளை சிமென்ட் பட்டி ஒரு கிலோவுக்குத் தண்ணீர் 350-இலிருந்து 400 மில்லி. தண்ணீரில் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, கட்டி இல்லாமல் பத்து நிமிஷமாவது கலக்க வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று நான்கு கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். இரண்டரை மணி நேரம் போனால் இறுக ஆரம்பிக்கும். அப்போது தண்ணீர் விட்டு இளக்கி இழுத்தால் அந்த நேரத்துக்குச் சுவரில் ஒட்டும், காய்ந்ததும் மாவாக உதிரும். "கம்பெனி பட்டி சரியில்லை" என்ற புகாரில் பாதி இப்படி வந்ததுதான்.

இழுக்கும்போது வெறும் சிமென்ட் பூச்சாக இருந்தால் சுவரை லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பட்டியின் தண்ணீரைச் சுவர் உறிஞ்சிவிடும். ஆறு அங்குல பிளேடால் பட்டியை எடுத்து, பெரிய பிளேடின் நுனியில் வரிசையாக வைத்து, கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. பிளேடைச் சுவரில் படுக்கப் போட்டால் பட்டி தடிமனாக நிற்கும், நிமிர்த்தினால் வழித்துக்கொண்டு வந்துவிடும். முப்பது நாற்பது டிகிரிச் சாய்வில் கை நிற்கப் பழக வேண்டும். ஒரு கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டர் போதும். பூச்சில் உள்ள பெரிய பள்ளத்தைப் பட்டியால் நிரப்ப நினைத்தால் வெடிப்பு விடும், அதைச் சிமென்ட் பூசித்தான் சரிசெய்ய வேண்டும். முதல் கோட்டைக் காலையில் முடித்தால் இரண்டாவதை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். தேய்ப்பதற்கு முந்தின ராத்திரி முழுக்கக் காயட்டும். 180-ஆம் நம்பர் தாளில் ஆரம்பித்து 320-இல் முடியுங்கள். முடிந்ததும் அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து தெரியும். அதைப் பென்சிலால் வட்டமிட்டு அந்த இடத்தை மட்டும் திருத்துங்கள். எட்டு வருடம் தேய்த்த கைக்கு எங்கே பட்டி தூக்கி நிற்கிறது என்று கண்ணுக்கு முன்னால் விரல் சொல்லும். இழுக்கிற ஆண்கள் பலருக்கு அந்த விரல் கிடையாது, தேய்க்க ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில் இழுத்தவர்கள் அவர்கள்.

கட்டிங்தான் 'இவர் பெயின்டரா இல்லையா' என்று வீட்டுக்காரர் கண்டுபிடிக்கிற இடம். சீலிங்கும் சுவரும் சேர்கிற மூலை, சுவிட்ச் பாக்ஸ் ஓரம், கதவு நிலை ஓரம். இரண்டு அங்குல பிரஷ் வாங்குங்கள், மலிவான பிரஷ் வேண்டாம், முடி உதிர்ந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். முடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பெயின்டில் நனையட்டும். டப்பா விளிம்பில் வழிக்காமல் உள்பக்கம் இரண்டு தட்டுத் தட்டுங்கள். வழித்தால் ஒரு பக்கம் காய்ந்து கோடு விட்டுவிட்டு வரும். கோட்டின் மேலேயே பிரஷை வைக்காமல், ஒரு விரல் தள்ளி வைத்து, முடி விரிய அழுத்தி, மெதுவாகக் கோட்டை நோக்கி நகர்த்தி, அங்கிருந்து இரண்டு மூன்றடி நிறுத்தாமல் இழுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே இழுத்தால் கை ஆடாது. உங்கள் வீட்டுப் பின்சுவரில் சுண்ணாம்புக் கயிறு தட்டிக் கோடு போட்டு, மிச்சம் மீதி எமல்ஷனில் (தண்ணீர் கலக்குகிற சுவர் பெயின்ட்) தினம் அரை மணி நேரம் பழகுங்கள். கோட்டைத் தாண்டினால் அதன் மேலேயே மறுநாள் வேறு கலர். ஒரு மாதத்தில் பத்தடியை நாலு இழுப்பில் முடிப்பீர்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி அடிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் பெயின்ட் முழுசாகக் காய்வதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும், காய்ந்த பிறகு உரித்தால் பெயின்டையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வரும்.

ரோலரைப் பற்றி இரண்டே எச்சரிக்கை. ஒரு சுவரைத் தொட்டால் முடிக்காமல் சாப்பிடப் போகாதீர்கள். ஓரம் காய்ந்த பிறகு அதன் மேல் திரும்ப உருட்டினால் பட்டை பட்டையாகத் தெரியும். அடுத்தது தண்ணீர். எவ்வளவு கலக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். அளவு மக் வைத்து, எல்லா வாளிக்கும் ஒரே அளவு கலக்குங்கள். ஒரே ஷேட் இரண்டு மூன்று டப்பா இருந்தால் பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலந்துவிட்டு அடியுங்கள், டப்பாவுக்கு டப்பா சாயல் மாறும். இரண்டு கோட்டுக்கு நடுவில் நாலு முதல் ஆறு மணி நேரம். முதலில் சீலிங், பிறகு சுவர், கடைசியில் கதவு ஜன்னல்.

இனி டீச்சர் வீடு. விலை சொல்வதற்கு முன் சுவரைப் பாருங்கள். பழைய சுண்ணாம்பு அடித்த வீடா? உள்ளங்கையால் தேயுங்கள். கை வெள்ளையானால் பூச்சு வரை சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். சுண்ணாம்பின் மேல் போட்ட பட்டி அப்பளம் போல ஏடு ஏடாகக் கழன்று வரும். பெயின்ட் அடித்த சுவர் என்றால் அதன் மேல் வெள்ளை சிமென்ட் பட்டி பிடிக்காது. அங்கே பிரைமர், பிறகு வாளியில் வருகிற அக்ரிலிக் பட்டி, மறுபடி பிரைமர் என்ற வரிசை. சிமென்ட் பட்டிக்கு இந்த வரிசை கிடையாது, அது நேராகப் பூச்சின் மேல் உட்காரும், அதன் பிறகுதான் பிரைமர்.

ஓதம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்றடி வரை சுவர் நிறம் மாறியிருந்தால், உப்புப் பூத்திருந்தால், இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு வாருங்கள். மறுநாள் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. குழாய்க் கசிவோ, பாத்ரூம் மறுபக்கமோ, அடித்தளத்திலிருந்து ஏறுகிற ஈரமோ, அதைச் சரிசெய்யாமல் அந்தச் சுவரில் கை வைக்காதீர்கள். வேறு மேஸ்திரி அடித்து உரிந்தால் "ஓதச் சுவர், என்ன பண்றது" என்பார்கள். நீங்கள் அடித்து உரிந்தால் "பொம்பளைங்க அடிச்சது, அதான்" என்று ஊரெல்லாம் பேச்சு ஓடும். நியாயம் இல்லைதான், ஆனால் நடப்பது அதுதான். அதனால் வேலை ஆரம்பிக்கும் முன்பே அந்தச் சுவரைப் போட்டோ எடுத்து, "இந்தச் சுவரில் ஓதம் இருக்கிறது, சரிசெய்யாமல் அடித்தால் நிற்காது" என்று டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

"சதுர அடிக்கு என்ன வாங்குவே?" என்ற கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. டீச்சர் வேண்டுமென்று வைத்திருக்க மாட்டார், அவருக்கும் தெரியாது. அவர் சொல்கிற 650 தரையின் அளவு. நீங்கள் அடிக்கப் போவது சுவரும் சீலிங்கும். மேலே சொன்ன அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். தரை 120 சதுர அடி. சுற்றளவு 44 அடி, உயரம் பத்து, ஆக சுவர் 440. கதவுக்கு மூன்றரைக்கு ஏழு, ஜன்னலுக்கு நாலுக்கு நாலு என்று 40 கழித்தால் 400. சீலிங் 120. மொத்தம் 520, அதாவது தரையைப் போல நாலு மடங்குக்கும் மேல். வீடு முழுக்கப் பார்த்தால் அறை அளவைப் பொறுத்துக் கூடும் குறையும், மூன்று மடங்குக்கு வந்துவிடும். 650 சதுர அடி வீடு என்றால் குறைந்தது 1,950 சதுர அடி பெயின்ட் பரப்பு. டேப் பிடித்து அறை அறையாக அளந்து, நோட்டில் எழுதி, அதை டீச்சரிடம் காட்டுங்கள். கதவு ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பல இடங்களில் ஓரக் கட்டிங்குக்கு ஈடாகக் கழிக்காமல் விடுவதுண்டு.

ரேட்டுக்கு வாருங்கள். அந்த அறைக்கு ஏழு ஆள் நாள். உங்களுக்கு நீங்களே 900 வைத்துக்கொண்டால் 6,300. பிரஷ், ரோலர், தாள் தேய்மானம், ஆட்டோ வாடகை எல்லாவற்றுக்கும் பத்தில் ஒரு பங்கு, 630. மொத்தம் 6,930. அதை 520-ஆல் வகுத்தால் 13 ரூபாய் 30 பைசா. இது கூலிக்கு மட்டும், முழுப் பட்டியோடு. 13-க்குக் கீழே போனால் கைநட்டம் என்று அர்த்தம். உங்கள் ஊர் நிலவரம் இதற்கு மேலே கீழே இருக்கலாம், ஆனால் கணக்குப் போடுகிற முறை இதுதான். 13 ரூபாய் என்று சொல்லிவிட்டுத் தரை அளவுக்கு ஒப்புக்கொண்டால் 650-க்கு 8,450. சுவர் அளவில் அதே வேலை 25,350. இந்த இடத்தில் விழுந்துதான் புதிதாகத் தனியே இறங்குகிறவர்கள் முதல் வீட்டிலேயே தொழிலை விட்டு ஓடுகிறார்கள். பழைய பெயின்ட் கெட்டியாக இருந்து, அங்கங்கே மட்டும் பட்டி தொட்டால் போதும் என்றால் ஏழு நாள் பாதியாகிவிடும், ரேட்டையும் அதற்கேற்பக் குறைத்துச் சொல்லுங்கள்.

சாமானை டீச்சரே வாங்கட்டும். முதல் மூன்று நான்கு வீடுவரை கூலி மட்டும்தான் பேச வேண்டும், கைப்பணமும் போடாதீர்கள், கடனும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்ல வேண்டியது அளவு. அந்த அறைக்குச் சிமென்ட் பட்டி என்றால் கிலோவுக்கு 12 சதுர அடி கணக்கில் ஒரு 40 கிலோ மூட்டையும் ஒரு சின்ன பாக்கெட்டும். பிரைமர் 5 லிட்டர். கலர் லிட்டருக்கு இரண்டு கோட்டும் சேர்த்து 60 சதுர அடி என்று வைத்தால் சுவருக்கு 7 லிட்டர், சீலிங்குக்கு 2 லிட்டர். பணத்தை நாலாகப் பிரித்து வாங்குங்கள்: ஆரம்பிக்கும்போது 30 சதவீதம், பட்டி தேய்த்து முடித்ததும் 40, முதல் கலர் கோட்டு முடிந்ததும் 20, ஒப்படைக்கும்போது 10. பெரிய தவணை பட்டி முடிகிற இடத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. உழைப்பு முக்கால்வாசி அங்கே முடிந்திருக்கும், ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். இடையில் நின்றுபோனால் நஷ்டம் உங்களுக்கு. இதையும் வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் விட்டுவிடக் கூடாது. பெயின்ட் டப்பாக்களில் பெயின்டருக்கென்று பணம் தருகிற டோக்கனோ குறியீட்டு எண்ணோ வைத்திருப்பார்கள், அது மேஸ்திரி பாக்கெட்டுக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரரிடம் சொன்னால் உங்கள் செல்போனில் உங்கள் பெயரிலேயே பெயின்டராகப் பதிந்து தருவார். வங்கிக் கணக்கும் உங்களுடையதாக இருக்கட்டும்.

முழுகாமல் இருக்கிற அந்தத் தோழியைப் பற்றிக் கேட்டது நல்லதாகப் போயிற்று. அவர் உங்களோடு வரலாம், ஆனால் எல்லா வேலைக்கும் இல்லை. பழைய எனாமல் (எண்ணெய் பெயின்ட்) அடித்த கதவு, ஜன்னல் கம்பி, கேட் இவற்றைச் சுரண்டுவதும் தேய்ப்பதும் அவர் பக்கமே போகக் கூடாது. வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1-இலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், அதுவும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்கக் கூடும். உலர்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூசி மூச்சிலும் வாயிலும் போகும். தாயின் ரத்தத்தில் கலந்த ஈயம் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தின்னர், டர்பன்டைன் வேலையும் அவருக்கு வேண்டாம். ஏணியும் வேண்டாம். ஜன்னல் திறந்த அறையில், நின்ற உயரத்தில், தண்ணீர் பெயின்ட் வேலை அவர் பங்காக இருக்கட்டும். அளவெடுப்பதும் கணக்கு எழுதுவதும் அவரிடம் கொடுங்கள். கனமான வாளியை மற்ற இருவரும் தூக்குங்கள்.

உங்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. எட்டு வருடமாகப் பட்டித் தூசியைச் சேலைத் தலைப்பால் மூக்கை மூடித்தான் சமாளித்திருப்பீர்கள். தலைப்பும் துண்டும் கண்ணுக்குத் தெரிகிற தூசியைத்தான் நிறுத்தும், நுரையீரலுக்குள் போகிற பொடி அதன் வழியே போய்விடும். என்-95 மாஸ்க் வாங்கி, மூக்குக் கம்பியை அழுத்தி, இரண்டு பட்டையும் தலையில் மாட்டுங்கள். மூச்சு வாங்க ஆரம்பித்தால் புதிது மாற்றுங்கள். எனாமலைத் தேய்க்கும்போது தண்ணீரில் நனைக்கிற எமரித் தாளைப் போட்டு ஈரத்தோடு தேயுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பெயின்டர் தொழிலையே புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, மாஸ்க்கை மேஸ்திரி கேலி செய்வார் என்பதற்காகச் சொல்கிறோம். வேலை முடிந்து கையைத் தின்னரில் கழுவாதீர்கள், தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டு சோப்புப் போடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காதீர்கள். வீட்டுக்குப் போனதும் உடை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள், வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

ஏணி விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. வெளிச்சுவர், சாரம், கயிற்றில் தொங்குகிற ஜூலா இதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். அது ஆணுக்கும் ஆபத்துதான். ஜூலா தொங்குகிற கயிறு ஒன்று, ஆளின் உடல் பெல்ட் மாட்டுகிற கயிறு தனியாக இன்னொன்று, இரண்டும் வேறு வேறு இடத்தில் கட்டியிருந்தால்தான் ஏற வேண்டும். பெரும்பாலான இடங்களில் அப்படி இருப்பதில்லை. உள்வேலைக்குப் பத்தடி சீலிங்தான். நீட்டுக் கம்பில் ரோலரை மாட்டினால் முக்கால்வாசி தரையில் நின்றே முடிந்துவிடும். மூலைக் கட்டிங்குக்கு மட்டும் இரண்டு பக்கமும் கால் விரிகிற ஏணி, மேல் இரண்டு படியில் நிற்காமல். சாய்ப்பு ஏணி என்றால் நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் காலைத் தள்ளி வையுங்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போடுகிற வழக்கம் தரை வேலைக்குச் சரி. ஏணியில் கொசுவம் காலில் மாட்டும். பின்னாளில் உயர வேலைக்குப் போனாலும் உடல் பெல்ட்டின் தொடைப் பட்டை சேலை மேல் உட்காராது. பேன்ட்டும் முழுக்கைச் சட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பால்கனியிலோ மாடி ஜன்னலோரமோ அலுமினியக் கம்பை நீட்டுவதற்கு முன் இ.பி. லைன் எங்கே போகிறது என்று பாருங்கள். கை வழுக்கி விழுந்தால் எலும்பு முறியும், கம்பு லைனில் பட்டால் ஆளே இருக்க மாட்டார்.

தெரியாத வீட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள், அளவெடுக்கப் போனாலும் இரண்டு பேராகப் போங்கள். டாய்லெட் எது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வாங்கிக்கொள்கிற பெண்கள் இந்தத் தொழிலில் அதிகம். யாராவது தவறாக நடந்தால், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடமானாலும், மேஸ்திரியே ஆனாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கலாம். 181-க்கும் அழைக்கலாம்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லையென்றால் மூன்று பேரும் இந்த மாதமே பதியுங்கள். 18-இலிருந்து 60 வயது வரை பதியலாம். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், போட்டோ, பணிச் சான்று வேண்டும். இணையத்தில் செய்யலாம், அல்லது மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேட்கலாம். பிள்ளைகள் படிப்பு, மகப்பேறு, விபத்து, 60-க்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் அதன் வழிதான். உங்கள் தோழிக்கு மகப்பேறு உதவி இருப்பதால் அவர் அட்டைதான் முதலில் போக வேண்டும். பதியும்போது தொழில் என்ற இடத்தில் 'சித்தாள்' என்று போட்டுவிடுவார்கள், வண்ணம் பூசுபவர் என்று கேட்டுப் போடுங்கள்.

பயிற்சிக்கு, பெயின்ட் கம்பெனிகளே இலவச வகுப்பு நடத்துகின்றன. நிப்பான் பெயின்டின் என்-சக்தி திட்டம் பெண்களை பெயின்டர்களாக்குவதற்கென்றே வந்தது. டீலரிடம் விசாரியுங்கள். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள். சான்றிதழை எந்த வீட்டுக்காரரும் கேட்கப் போவதில்லை. பில்டரிடம் போகும்போதும் பின்னால் வங்கிக் கடன் கேட்கும்போதும் உதவும்.

மேஸ்திரியிடம் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வராதீர்கள். டீச்சர் வீட்டுக்குப் பின் அடுத்த வீடு கிடைக்க மாதக்கணக்காகலாம், அதுவரை அடுப்பெரிய வேண்டும். அடுத்த வேலையில், "இந்தப் பின்னறையை முழுக்க நான் முடிச்சுத் தர்றேன், சரியில்லைன்னா மறு கோட்டு என் செலவு" என்று கேளுங்கள். அவருக்குப் பிடிக்கிறபடி முடித்த பிறகு கூலியைப் பேசுங்கள். ஒரேயடியாக ஆயிரம் தர மாட்டார். பிரஷ் பிடிக்கிற நாளுக்கு 800 என்று ஆரம்பித்தால் மறுப்பது கஷ்டம். வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவர் சொல்கிற சாக்கு. பகலில் பெண்கள் மட்டும் இருக்கிற வீடு, தனியாக இருக்கிற பெரியவர்கள் வீடு, பெண்கள் விடுதி, பால்வாடி, இங்கெல்லாம் பெண்கள் வந்து அடித்தால் நிம்மதி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். டீச்சர் உங்களைத் தேடி வந்ததும் அப்படித்தானே.

டீச்சர் வீட்டை ஒப்படைக்கும் அன்று மிச்சமான பெயின்டைக் கொட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு கலரிலும் அரை லிட்டர் சின்ன டப்பாவில் ஊற்றி, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். சோபா உரசினாலும் பிள்ளைகள் கிறுக்கினாலும் தொட்டுவிட உதவும். மூடியின் மேல் எந்த அறை, ஷேட் நம்பர், அடித்த தேதி மூன்றையும் மார்க்கரில் எழுதுங்கள். அதற்குக் கீழே உங்கள் பெயரும் போன் நம்பரும்.